சிவப்புப் பொத்தானுக்கு வந்த சுற்றறிக்கை

அலுவலகம் என்றால் அமைதியாக இருக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. வேலை நடந்தால்தானே சத்தம் வரும். எங்கள் ஊர் வீட்டுவரி அலுவலகம் அந்த விஷயத்தில் வெகுகாலம் நல்ல பெயரோடு இருந்தது.

அதைக் கெடுத்தது ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பேனிக்.

முன்பெல்லாம் அங்கே யாருக்காவது பயம் வந்தால் "பக்குன்னு ஆயிடுச்சு" என்பார்கள். கொஞ்சம் பெரிய பயம் என்றால் "வயித்துல புளியைக் கரைச்சுது". அதற்கும் மேலே என்றால் "ஈரக்குலை நடுங்கிப்போச்சு". பயத்தின் எடைக்குத் தக்கபடி பேச்சு இருந்தது. பிறகு நிம்மதி வகுப்பு எடுக்க ஒரு பயிற்சியாளர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார். அதுவரை கண்ணைத் திறந்துகொண்டே மூச்சு விட்டவர்கள் வெட்கப்பட்டுப்போனார்கள். வகுப்பு முடிந்ததும் மூச்சை மறந்துவிட்டார்கள். அவர் சொன்ன பேனிக் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டது.

பேனா எழுதவில்லையா, பேனிக். காபி ஆறிப்போச்சா, பேனிக். மேலதிகாரி சிரித்துவிட்டாரா, பெரிய பேனிக். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மாமியார் வரப்போவதாகப் போன் வந்தது. அவர் நேராக லிஃப்டுக்குள் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். பொத்தானுக்கு மேலே அந்த வார்த்தைதான் எழுதியிருந்தது, அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கட்டடமே அதிர மணி அடித்தது. பார்த்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளிலிருந்து பேனிக் வந்தால் லிஃப்டுக்குப் போவதுதான் நாகரிகம்.

பெரிய அதிகாரி பொறுத்துப் பார்த்தார். பிறகு சுற்றறிக்கை விட்டார்.

"இதனால் சகல ஊழியர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், பேனிக் என்பது திடீரென்று, காரணமில்லாமல், புத்தி தடுமாறும்படி வரும் பயமாகும். காரணத்தோடு வருவது வெறும் பயம். வெறும் பயத்துக்கு மேற்படி பொத்தானை அழுத்துவோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும். அலுவலக வளாகத்தில் ஓடுவது, கத்துவது, மூச்சிரைப்பது ஆகியவையும் இதன்படி தடை செய்யப்படுகின்றன."

தலைமை எழுத்தருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஆமாம்சாமி. அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ காரணமே இல்லாம பயந்தா அழுத்தலாமா சார்?"

"காரணமே இல்லேன்னா எதுக்குய்யா அழுத்தணும்?"

"ஆமாம் சார்."

மணி நின்றது. பெருமை மேலிடம் வரை போயிற்று. பதற்றமில்லா அலுவலகம் என்று ஒரு கேடயம் இருக்கிறதாம். ஆய்வு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், திருப்திப்பட்டால் கையோடு கொடுத்துவிட்டுப் போவார். கேடயம் வந்தால் பெரிய அதிகாரிக்குப் பதவி உயர்வு. அவர் ஆமாம்சாமியைக் கூப்பிட்டு ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"அவர் வர்ற அன்னைக்கு என்ன ஆனாலும் மணி அடிக்கக் கூடாது."

"ஆமாம் சார்."

அந்த நாளும் வந்தது. கீழே கேன்டீன் நடத்தும் அக்கா மண்ணெண்ணெய் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால் காய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று மேல்மாடிக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போனார். அதே லிஃப்டில் பெரிய அதிகாரியும் ஏறினார். எங்கள் லிஃப்டுக்கு மனுஷ மரியாதை தெரியும். பெரிய மனிதர் ஏறினால் அவரைச் சீக்கிரம் இறங்க விடாது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டது.

அக்காவுக்குக் கீழே வைத்த பால் ஞாபகம் வந்தது.

"சார், அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

"நல்லது."

"நல்லது இல்ல சார். பக்கத்துலயே துணி காயுது. அந்தப் பொத்தானை அழுத்துங்க."

"உங்களுக்கு இப்ப இருக்கிறது பேனிக்கா?"

"பயமா இருக்கு சார். கேன்டீன் எரிஞ்சா எனக்கு வேற பொழைப்பு கிடையாது."

"பாத்தீங்களா, காரணம் சொல்றீங்க. காரணம் இருந்தா அது வெறும் பயம். விதி இடம் கொடுக்காது."

"சரி, காரணம் இல்ல. பாலே வெக்கல. இப்ப அழுத்துங்க."

"பால் வெக்கலேன்னா எதுக்கும்மா அழுத்தணும்?"

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். வீட்டில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று முகத்திலேயே தெரிந்தது.

வெளியே லிஃப்ட் ஆபரேட்டர் கதவு இடுக்கில் வாயை வைத்தார். அவர் அக்காவுக்குக் கொழுந்தன் முறை.

"அண்ணி, உள்ளே நீங்களா?"

"நானும் பெரியவரும். பால் அடுப்புல இருக்கு தம்பி, கேன்டீனைப் பூட்டிச் சாவியையும் கையோட கொண்டுவந்துட்டேன். மேலே போய்க் கையால சுத்தி லிஃப்டை இறக்கு."

"மிஷின் ரூம் சாவி ஆமாம்சாமி கிட்ட இருக்கு அண்ணி. போய் வாங்கியாறேன்."

"ஓடு."

"ஓடக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே."

அவர் நடந்துபோனார். ஆய்வு அதிகாரி எதிரே வந்தபோது இன்னும் மெதுவாக நடந்தார்.

இதற்குள் துணி கருகும் புகை லிஃப்டுக்குள்ளும் வந்துவிட்டது. அக்கா அதற்கு மேல் அனுமதி கேட்கவில்லை. எட்டிப் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். தட்டால் ஓர் அடியும் கொடுத்தார்.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்றார் பெரிய அதிகாரி.

"நேத்தே ஒயரைப் பிடுங்கியாச்சு சார். ஆமாம்சாமி சொன்னாராம், என் கொழுந்தன்தான் பிடுங்கினான். என்ன ஆனாலும் மணி அடிக்கக் கூடாதுன்னு உங்க உத்தரவாமே. ஒருவேளை அடிச்சாலும் அடிக்கும்னு பாத்தேன்."

அப்போது பெரிய அதிகாரிக்கு வந்தது. திடீரென்று வந்தது, புத்தி தடுமாறும்படி வந்தது. சுற்றறிக்கையில் உள்ளபடியே எல்லா லட்சணங்களோடும் வந்தது. கதவைக் காலால் உதைத்து, கையால் அடித்து, "ஐயோ, அம்மா, காப்பாத்துங்க" என்று அலறினார். கீழே ஆய்வு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்ன சத்தம்?"

"பயிற்சி சார்," என்றார் ஆமாம்சாமி. "பேனிக் எப்படி இருக்கும்னு பெரியவரே நேர்ல செஞ்சு காட்டறார்."

"தத்ரூபமா இருக்கு."

"ஆமாம் சார்."

ஆய்வு அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். புகை கண்ணைக் கரித்தது. ஊழியர் ஒருவர்கூட எழவில்லை, கோப்பைப் பார்த்தபடி மெல்ல இருமினார்கள். அவருக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது வரி கட்ட வந்த ஜனங்கள்தான். பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தோம். கண்ணில் நீர் வழிய, வாயில் துண்டை வைத்துக்கொண்டு, ஆனால் அசையாமல்.

"பொதுமக்களுக்குமா பயிற்சி கொடுத்தீங்க?"

"ஆமாம் சார்."

யாரும் எங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. விடியற்காலையிலேயே வந்து பிடித்த இடம். எழுந்தால் போய்விடும். புகை எப்படியும் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும், போன வரிசை திரும்பக் கிடைக்குமா?

அதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பையும் கருகிய துணியையும் தானே அணைத்துவிட்டது. அந்த அலுவலகத்தில் அன்று தன் கடமையைச் செய்தது அது ஒன்றுதான். லிஃப்டும் மனம் மாறி இறங்கியது. அக்கா யாரையும் பார்க்காமல் கேன்டீனுக்கு ஓடினார். சுற்றறிக்கையை மீறியது அவர் ஒருவர்தான் என்று ஆமாம்சாமி குறித்துக்கொண்டார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்த பெரிய அதிகாரியின் கையை ஆய்வு அதிகாரி பிடித்துக் குலுக்கி, அங்கேயே கேடயத்தைக் கொடுத்தார்.

"இப்படி ஒரு அமைதியை நான் எங்கேயும் பாத்ததில்ல."

அந்த நேரம் பார்த்துக் கவுன்டரில் இருந்தவர் தலையை நீட்டினார்.

"இன்னும் ஒருத்தர் கிட்டதான் வாங்குவோம். அப்புறம் மூடிடுவோம்."

பெஞ்சுகள் கவிழ்ந்தன. ஒருவர் செருப்பு இன்னொருவர் தலையில் போய் விழுந்தது. பெரிய அதிகாரி கேடயத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வு அதிகாரி தூணைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"யோவ், இது பேனிக் இல்லியா?"

"இல்ல சார்," என்றார் ஆமாம்சாமி. வாழ்க்கையில் அவர் இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான். "காரணம் இருக்குல்ல. இது வரிசை."

கேடயத்தை மிதித்துத் தாண்டி முதலில் கவுன்டரைப் பிடித்தது யார் என்று கேட்காதீர்கள். என் வரி அன்றைக்கே கட்டியாயிற்று.