அடைப்பக்காரர் சொன்ன மழை

தண்பொழில் என்றொரு நாடு இருந்தது. அதை வரைபடத்தில் தேட வேண்டாம். அந்த நாட்டின் வரைபடத்தையும் அதன் அரசாங்கமே வரைந்துகொண்டதால் அயலார் யாருக்கும் அது அகப்படவில்லை.

அங்கே மன்னர் இருந்தார், ஆளவில்லை. முதல் மந்திரி ஆண்டார். எல்லாவற்றையும் மன்னர் பெயரால் ஆண்டார். மக்கள் வாக்களித்து ஓர் அவையை அமைத்தார்கள். பிறந்த ஒரே காரணத்தால் உறுப்பினர்களானவர்கள் பிரபுக்கள் அவையில் அமர்ந்தார்கள்.

அப்படிப் பிறந்தவர்களில் ஒருவர் வல்லபராயர். கீழைக்குளத்தின் பிரபு. அரண்மனையில் அவருக்கு அடைப்பக்காரர் உத்தியோகம், அதாவது மன்னருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது. சிறிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மன்னரின் காதுக்கு அவ்வளவு அருகில் தினமும் நிற்கிறவர் நாட்டில் வேறு யாரும் இல்லை. ஆளுங்கட்சிக்காரருக்கு மட்டுமே அந்த உத்தியோகம் என்பது விதி. ஆகவே ஆட்சி மாறும்போதெல்லாம் ராயர் தம் விசிறியை எடுத்துக்கொண்டு புதிய ஆளுங்கட்சி வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். "நான் மாறவில்லை, நாற்காலிதான் மாறியது" என்பார். யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. அவரைப் பிடிக்காதவர்களும் அவரை விருந்துக்கு அழைத்தார்கள்.

வானம் பொய்த்த ஒரு வருஷம், அரண்மனைத் தோட்டத்து நீரூற்றைப் பழுதுபார்த்துத் திறந்துவிட்டார்கள். சலசலவென்று சத்தம் கேட்டது.

"ராயரே, வெளியே மழையா?" என்று மன்னர் கேட்டார்.

மன்னரிடம் 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் ராயர் குலத்தில் இல்லை. அவருடைய தகப்பனார் மரணப் படுக்கையில் கிடந்தபோது மன்னர் நலம் விசாரித்து ஆள் அனுப்பினார். "பரம சௌக்கியம்" என்று பதில் சொல்லியனுப்பிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார்.

"ஆமாம் மகாராஜா, நல்ல மழை" என்றார் ராயர்.

வாசலில் முதல் மந்திரி மகுடேசுவரர் நின்றுகொண்டிருந்தார். வறட்சிப் பிரகடனத்துக்கு அரச முத்திரை வாங்க வந்தவர். பிரகடனம் வந்தால் களஞ்சியத்தைத் திறக்க வேண்டும். களஞ்சியத்தைத் திறந்தால் அது காலி என்பது தெரிந்துவிடும். அந்தக் கவலையோடு நின்றவரின் காதில் ராயரின் சொல் தேனாக விழுந்தது.

"அரண்மனையில் மழை என்று முடிவான பிறகு வறட்சி என்று எழுதுவது ராஜத்துரோகம் அல்லவா?" என்று கண்கலங்கிக் கேட்டார்.

மறுநாள் அவ்வருஷம் நிறைமழை வருஷமென்று அறிவிக்கப்பட்டது. நிறைமழை என்பதால் முழு வரி. மழைக்காலத்தில் குடிகள் நனையக் கூடாது என்ற கருணையால், வெளியே வருகிறவர்கள் எல்லோரும் குடை பிடிக்க வேண்டும், தவறினால் அபராதம் என்று அடுத்த ஆணை. குடை செய்யும் உரிமை முதல் மந்திரியின் மைத்துனருக்குப் போனது. அதுவரை அவர் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தார். பழைய தொழிலையும் அவர் விடவில்லை. அதுவும் நன்றாகவே நடந்தது. பிறகு, இவ்வளவு மழையிலும் தண்ணீர் தேடித் தோண்டுவது மழையை அவமதிப்பதாகும் என்று ஒரு சட்டம் வந்தது. பிரபுக்கள் அவையில் அதற்குக் கை தூக்கியவர்களில் ராயரும் ஒருவர்.

அந்தச் சட்டத்தில் முதலில் சிக்கியவன் கீழைக்குளத்துச் சடையாண்டி. அவன் மனைவி பொன்னுருவி சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு நடந்தே வந்தாள். ராயருக்குப் பால் கொடுத்து வளர்த்தவளின் மகள் அவள். அந்த உரிமையில் மாளிகை முற்றம் வரை விட்டார்கள்.

"எசமான், அவரு திருடல, கொலை பண்ணல. ஏரிக்குள்ள எறங்கி ஊத்து தோண்டினாரு. புள்ளைங்க நாக்கு வறண்டு கெடந்துச்சு. அதுக்குப் போயி விலங்கு மாட்டிட்டாங்க."

"ஏரிக்குள்ளேயா? ஏரியில்தான் தண்ணீர் இருக்குமே?"

பொன்னுருவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எசமான் கடைசியா எப்ப ஊருக்கு வந்தீங்க?"

ராயருக்கு நினைவில்லை. "தேர்தல் வருகிறது, பொறுத்துக்கொள்" என்றார். அவள் வாசலில் குடையை விரித்துக்கொண்டு கொளுத்தும் வெயிலில் இறங்கிப் போனாள்.

தேர்தல் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஆரூரன் ஊர் ஊராகப் போய், "வானத்தை அண்ணாந்து பாருங்கள், எங்களுக்கு வாக்களியுங்கள்" என்றார். பார்த்தார்கள், வாக்களித்தார்கள். ஆரூரன் முதல் மந்திரியானார். ராயரும் வழக்கம்போல விசிறியோடு இடம் மாறினார்.

பதவியேற்ற மாலையே புதிய முதல் மந்திரிக்குக் குடை அபராத வருமானம் எவ்வளவு என்று காட்டினார்கள். அவர் அந்தக் கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். மறுநாள் அறிவித்தார்: "சென்ற ஆட்சியில் பெய்தது ஊழல் மழை. இனிப் பெய்வது மக்கள் மழை." கறுப்புக் குடைகள் செல்லாதவையாயின. எல்லோரும் பச்சைக் குடை வாங்கினார்கள். சடையாண்டி தோண்டியது சென்ற ஆட்சியில்தான் என்றாலும், ஊற்றில் ஈரம் கசிந்தது இந்த ஆட்சியில் என்பதால் அவன் சிறையிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

பொன்னுருவி கேட்ட கேள்வி ராயரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் வண்டி பூட்டச் சொல்லிக் கீழைக்குளம் போனார். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பொன்னுருவியின் குடிசை வாசலில் இரண்டு பிள்ளைகள் ஒரு பச்சைக் குடையின் கீழ் ஒண்டியிருந்தன.

"சின்னவள் எங்கே?"

"போயிட்டா எசமான்" என்றாள் பொன்னுருவி. பிள்ளைகள் மேல் வெயில் படாமல் குடையைச் சரித்தாள்.

திரும்பும் வழியெல்லாம் ராயர் வண்டிக்குள் குனிந்தே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை வெற்றிலையை மடித்து நீட்டினார்.

"மகாராஜா, மழை பெய்யவில்லை. அன்றும் பெய்யவில்லை."

மன்னர் நிதானமாக மென்றார். "அது எனக்குத் தெரியுமே. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீர் அவ்வளவு பணிவாக ஆமாம் என்றபோது உம்மை மறுத்துப் பேசுவது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன்."

"இப்போதாவது ஒரு வார்த்தை..."

"மந்திரிசபை முடிவில் மன்னர் தலையிடக் கூடாது, ராயரே. சாசனம். பாக்கு கொஞ்சம் தூக்கல் இன்று."

அன்று மாலை வல்லபராயர் பிரபுக்கள் அவையில் எழுந்து நின்றார். கட்சியின் கட்டளையில்லாமல் அவர் அங்கே பேசியது அதுவே முதல் தடவை. ஏரியைச் சொன்னார். சிறையிலிருக்கும் சடையாண்டியைச் சொன்னார். அந்தக் குழந்தையையும் சொன்னார். முடித்ததும் அவை முழுவதும் எழுந்து கைதட்டியது.

"இப்படி ஒருவர் பேச முடிகிற நாடு உலகில் வேறு உண்டா?" என்று அவைக்கு வந்திருந்த ஆரூரன் பெருமிதத்தோடு கேட்டார். இல்லை என்று அவை ஏகமனதாகத் தீர்மானித்தது. அதே அமர்விலேயே ராயரின் உத்தியோகத்தை வேறொருவருக்கு மாற்றினார்கள். அரண்மனை மாளிகையையும் காலி செய்யச் சொன்னார்கள். விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாரம் முழுவதும் உடம்பு சரியில்லாமல் போயிற்று.

ராயர் கீழைக்குளத்துக்கே வந்து சேர்ந்தார். அவருடைய வயல்களும் காய்ந்துதான் கிடந்தன. தம் பேச்சைக் கேள்விப்பட்டு ஊர் திரண்டு வரும் என்று அவர் மனதின் ஓரத்தில் ஒரு நினைப்பு இருந்தது. யாரும் வரவில்லை. பொன்னுருவி வீட்டு வாசலில் சடையாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"விட்டுவிட்டார்களா?"

"விட்டுட்டாங்க எசமான்" என்று பொன்னுருவி வெளியே வந்தாள். "வேலையும் குடுத்திருக்காங்க. மழைச் சாட்சி. தெனமும் சாவடிக்குப் போயி, எங்க ஊர்ல மழை பேஞ்சுதுன்னு சத்தியம் பண்ணணும். ஆளுக்கு ஒரு படி கேப்பை. ஊரே அதுலதான் இருக்கு."

"பொன்னுருவி, உன் பிள்ளை..."

"மிச்சம் ரெண்டு இருக்குதுங்களே எசமான்" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்க என்னமோ பேசினீங்களாம். இங்க அப்படிப் பேசிப்புடாதீங்க. மழை இல்லன்னு ஆயிட்டா கேப்பை நின்னு போயிரும்."

அன்று ராயர் இன்னும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பதைச் சடையாண்டி முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டான்.

"சாட்சியில ஒரு எடம் காலியாத்தான் இருக்கு எசமான்" என்றான் தயங்கித் தயங்கி. "நல்லாப் பேசத் தெரிஞ்ச ஆளு வேணும்னாங்க. ஒங்க பேரைச் சொல்லட்டுமா?"

வல்லபராயர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உடுப்பு தருவார்களா?" என்று கேட்டார்.