சிவப்பு அசல், நீல நகல்

“இன்னொரு நகல் எடுக்கவா?” என்று கொம்பியூட்டர் ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டது.

பாக்கியரத்தினம் முதல் நகலில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தார். ஒன்றுமில்லை. சரி, அசலைப் பார்ப்போம் என்று அதைப் போட்டார். அதிலும் ஒன்றுமில்லை. ஒரு வகையில் நகல் அச்சொட்டாக வந்திருந்தது.

மீனவர்கள் எழுதிக் கொடுத்த படிவங்களைப் பார்த்து இரண்டு நாளாக அவர் குனிந்திருந்து அடித்த பட்டியல் அது. சல்லி என்ற ஊரின் கரையிலிருந்து கடலுக்குப் போகும் நூற்று நாற்பத்து மூன்று ஆண்களின் பெயர், வயது, தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம். கடலில் இறங்கத் துறைமுகத்தில் இருக்கும் கடற்படையின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பட்டியல் வேண்டும். பட்டியல் பிளொப்பி என்ற தட்டில் பதிந்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன் துறைமுக வாசலுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இந்த மாதத்தைப்போல அடுத்த மாதமும் சல்லியில் ஒரு வள்ளமும் இறங்காது. அன்று செவ்வாய்.

அசலையே கொடுத்துவிட்டால் என்ன என்று யாரும் கேட்கலாம். அசல் வெளியே போகக்கூடாது, நகல்தான் போகலாம் என்பது ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இருந்த அந்த அலுவலகத்தின் சட்டம். யுத்தத்தில் கூரையின் பாதி போயிருந்தது, சட்டம் முழுசாக இருந்தது.

அங்கிருந்த கொம்பியூட்டருக்கு ஒரே ஒரு வாய். அதற்குள்ளால்தான் டிஸ்க்கொப்பி என்ற வேலை நடக்க வேண்டும். அசலைப் போடு என்று கேட்கும். போட்டால் ஒரு வாய் விழுங்கிவிட்டு, எடு, வெறும் பிளொப்பியைப் போடு என்னும். அதில் துப்பிவிட்டு மறுபடி அசலைக் கேட்கும். விலை படியாத சீலைக்கடைக்காரன் வாசல்வரை போகவிட்டுக் கூப்பிடுவதுபோல, இப்படி எட்டுத் தரம் போகவைத்து எட்டுத் தரம் கூப்பிடும்.

அசலும் வெறுசும் மாறிப்போகாமல் இருக்கத்தான், கொழும்பில் ஒரு கிழமை படித்த படிப்பின்படி, பாக்கியரத்தினம் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். அசலுக்குச் சிவப்பு, வெறுசுக்கு நீலம். வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டி மிஞ்சிய தாள். பசைப் போத்தல் ஊரில் எந்தக் கடையிலும் இல்லாததால் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி, காய்வதற்கு யன்னல் கட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். எல்லாம் ஒழுங்குமுறைப்படிதான் நடந்தது.

“என்ன சேர், முகம் செத்துப்போய்க் கிடக்கு?” என்றாள் கமலாதேவி, தும்புத்தடியை நிறுத்தி. அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடுபவள் அவள். வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பத்து மாதம்.

“ஒண்டுமில்லை. மிஷின் கொஞ்சம் பகிடி விடுது.”

“நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள், நிறைஞ்சது சிவப்பு, வெறுசு நீலம், மாறினால் நிறைஞ்சது அழிஞ்சுபோம் எண்டு.”

“ஓம். நான் மாத்திப் போடேல்லை. சத்தியமாய்.”

அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்கும் ஒரே ஆள் அந்தக் கட்டிடத்தில் அவள்தான். அதற்குப் பிரதியுபகாரமாக அவரும் வாரத்துக்கு ஒருமுறை கேட்பார். அன்றும் கேட்டார்.

“மகன்ட கடிதம் ஏதும் வந்ததோ?”

“இல்லை, சேர்.”

“வரும், வரும். வெளிநாடு போன பெடியள் முதல் வருசம் எழுதமாட்டாங்கள்.”

அவள் தும்புத்தடியை மறுபடி எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி கனகசுந்தரம் அறைக்குள் வந்தார். “ரத்தினம், கொப்பி முடிஞ்சுதோ?”

பாக்கியரத்தினம் சுவரைப் பார்த்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்கியது. சென்ற வருடம் வடக்குக் கரை ஆண்களின் பெயர்களை அவர் தட்டச்சில் அடித்துக் கொடுத்த பட்டியலுக்கு மேலிடத்திலிருந்து வந்த பாராட்டு. ‘ஒரு பிழையும் இல்லை. மிகவும் பயன்பட்டது.’ இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. அந்தக் கண்ணாடியில் மட்டும் எப்போதும் தூசி. எத்தனை தரம் சொன்னாலும் கமலாதேவிக்குக் கை எட்டாதாம்.

அப்படிப்பட்ட கடிதத்தின் கீழே நின்று உண்மை சொல்ல அவருக்கு ஏலவில்லை.

“முடிஞ்சுது சேர்.”

“கெட்டிக்காரன். அப்ப அந்தப் படிவங்களை வைச்சிருக்கக்கூடாது. ரகசியம். கமலாதேவி, எல்லாத்தையும் பின்வளவில போட்டு எரிச்சுப்போடு.”

“சேர், நாளைக்கு...” என்று பாக்கியரத்தினம் வாயெடுப்பதற்குள் அவள் படிவக் கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். தேத்தண்ணி கேட்டால் அரை மணித்தியாலம் எடுப்பவள், பத்தே நிமிடத்தில் சாம்பலும் கையுமாய் வந்தாள்.

“ஒரு துண்டும் மிஞ்சேல்லை, சேர்.”

இப்போது பட்டியலும் இல்லை, பட்டியலுக்குப் படிவமும் இல்லை. இருந்தது வாய்தான். நூற்று நாற்பத்து மூன்று வாய்.

அவர் சொல்லியனுப்பியபடி புதன்கிழமை காலை சல்லியிலிருந்து மீனவர் சங்கத் தலைவர் தம்பு தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்தார். கடலில் நாற்பது வருடம் கத்திய குரல், கூரையின் மீதிப் பாதியும் அதிர்ந்தது.

“தம்பி, போன கிழமைதானே எல்லாம் எழுதிக் குடுத்தனாங்கள்? பிறகு என்ன கதை இது?”

“சரிபார்க்கிறதுக்கு, அண்ணை. மிஷினுக்கு ஒருக்கா நேரில கேக்க வேணுமாம்.”

“மிஷினுக்குக் காது இருக்கோ?”

“எனக்கு இருக்கு.”

“உமக்கு இருந்தென்ன? மீன் பிடிக்கப் பாஸ் இல்லையெண்டு இருக்கிறம். பேர் குடுக்க வாறதுக்கும் ஒவ்வொரு சாவடியில கெஞ்ச வேண்டிக் கிடக்கு. பிள்ளையள் நேற்று மரவள்ளி, இண்டைக்கும் மரவள்ளி. சங்கக்கடையில அதுக்குத் தொட உப்பும் இல்லை.”

பாக்கியரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு அடித்தார். கரண்ட் பத்துக்கு வந்து இரண்டுக்குப் போகும். ஆகையால் புதன் முழுவதும், வியாழன் பாதியும் சென்றன. ஆட்கள் முற்றத்தில் வெயிலில் வரிசையில் நின்றார்கள். கமலாதேவி வரிசை நெடுகிலும் தண்ணீர் கொடுத்தாள். இளந்தாரிப் பெடியன் ஒவ்வொருவன் முன்னாலும் கொஞ்ச நேரம் அதிகம் நின்றாள்.

வியாழன் பன்னிரண்டரைக்கு நூற்று நாற்பத்து மூன்றாவது பெயரும் ஏறியது. திறந்து பார்த்தார், எல்லாம் இருந்தது. புதுச் சோறு, புது ஒட்டுத்தாள், யன்னல் கட்டு, சாப்பாடு. வந்து உட்கார்ந்து அசலைப் போட்டார், எடுத்தார், வெறுசைப் போட்டார், எடுத்தார். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எட்டுத் தரம்.

“இன்னொரு நகல் எடுக்கவா?”

சிவப்பில் ஒன்றுமில்லை. நீலத்திலும் ஒன்றுமில்லை.

அவர் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார். மார்பில் கைவைத்தவரைப் பார்த்த கமலாதேவி சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அந்த நாளில் அவ்வளவு சீனி அவள் யாருக்கும் போட்டதில்லை.

வேறு வழியில்லாமல் கடைத்தெருவுக்கு ஓடி, வானொலி திருத்தும் றஊப்பைக் கூட்டிவந்தார். எந்த மிஷினையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் றஊப் பேசுவார். தட்டினார்.

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் அசல்ட வாயக் கட்டல்ல.”

“வாயோ?”

“பாருங்க, பிளொப்பியிர ஓரத்தில வெட்டொண்டு இரிக்கி. அதை ஒரு துண்டுத் தாளால ஒட்டி மூடிட்டா, பிறகு அதில ஆரும் எழுதவும் ஏலா, அழிக்கவும் ஏலா. ஷைத்தானுக்கும் ஏலா.”

“இதை முந்தியே சொல்லியிருந்தால்!”

“முந்தி என்னட்ட வந்தீங்களா? கொழும்புக்கெல்லவா படிக்கப் போனீங்க.”

பாக்கியரத்தினத்துக்கு உயிர் வந்தது. ஆனால் பெயர்களுக்கு எங்கே போவது? நூற்று நாற்பத்து மூன்று பேரை மூன்றாம் முறை கூப்பிட்டால் தம்பு அவரைக் கட்டிக் கடலில் இறக்குவார், பாஸ் இல்லாமலே. தம்புவை மட்டும் தனியே வரவழைத்தார். வெள்ளிக்கிழமை காலை தம்பு கண்ணை மூடிக்கொண்டு, கரையில் வள்ளங்கள் கிடக்கும் ஒழுங்கில் பெயர்களைச் சொன்னார். அடையாள அட்டை இலக்கம் இல்லை. பெயரும் வயதும் தகப்பனும் வீடும் போதும், ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று, சரிபார்ப்பு என்ற அதே கதையைக் கேட்டிருந்த கனகசுந்தரமும் சொல்லிவிட்டார்.

“இது சரிவராட்டி, தம்பி,” என்றார் தம்பு எழும்பும்போது, “நான் உம்மை ஏசமாட்டன். என்ர சனத்துக்கு முன்னால உம்மை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டு, பேசாமல் வீட்டை போயிடுவன்.”

ஒரு மணிக்குப் பட்டியல் முடிந்தது. சோறு பிசைந்து சிவப்பையும் நீலத்தையும் ஒட்டினார். பத்து நிமிடம் யன்னலில் காயவைத்துவிட்டு, கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தார். திரும்பி வந்து றஊப் சொன்னபடி சிவப்பின் வெட்டை மூடினார். இரண்டு தாள் போட்டு மூடினார். உள்ளே ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். அசலைக் கண்டபடி திறக்கக்கூடாது என்று கொழும்பில் படிப்பித்திருந்தார்கள்.

ஒன்று ஐம்பதுக்குக் கொம்பியூட்டர், இன்னொரு நகல் எடுக்கவா என்று கேட்டது. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அவர் கதிரையிலிருந்து கீழே இறங்கி நிலத்தில் உட்கார்ந்தார். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

மூன்று மணிக்குச் சற்று முன், உறையில் முத்திரை குத்தி, வெறும் பிளொப்பியைத் துறைமுக வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே அதற்கு மிஷின் இருக்காது, இருந்தாலும் நம்முடையதைப்போல இருக்கும் என்று ஒரு கணக்கு. மிஷின் இருந்தது. நல்ல மிஷின்.

“ஏன் அழிச்சாய்?” என்று கேட்டார்கள்.

“நான் அழிக்கேல்லை, ஐயா. இன்னொரு நகல் எடுக்கவா எண்டுதான் அது கேட்டது.”

முதல் அறை விழுந்ததும் மூக்குக்கண்ணாடி போனது. பிறகு ஆறு மணிவரை கொடிக்கம்பத்தடியில் வெயிலிலும், வெயில் போனபின் நிழலிலும் முழங்காலில் நிறுத்தினார்கள். இப்படி ஒரு மடையன் வேணுமென்று செய்திருக்க மாட்டான் என்று யாரோ ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னபின்தான் விட்டார்கள். அடுத்த மாதம் ஒழுங்காகக் கொண்டுவா, அதுவரை சல்லிக்குப் பாஸ் இல்லை என்றார்கள்.

திங்கட்கிழமை, கால் வீங்கி, ஒட்டிய கண்ணாடியோடு அவர் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். ராஜினாமாக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுவதற்குள் வாசலில் தம்பு.

தம்பு கத்தவில்லை. கத்தாத தம்புவைக் கண்டதும் பாக்கியரத்தினம் கதிரையைச் சுவர்வரை பின்னால் தள்ளினார். தம்பு மேசையைச் சுற்றி வந்தார். அவருடைய இரண்டு கையையும் பிடித்தார்.

“மற்றக் கரைக்காரர்ட லிஸ்ட் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்திட்டுதாம்,” என்றார். “சனிக்கிழமை பாஸ் எடுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டவை. பேரை வாசிச்சு வாசிச்சு ஒரு பக்கம் நிப்பாட்டினவையாம். இருபத்தொரு பெடியள். இன்னும் வீட்டை வரேல்லை. வாசல்ல போய்க் கேட்டால், அப்பிடி ஒருத்தரும் வரேல்லையாம்.”

கமலாதேவி ஒரு மூலையில் தும்புத்தடியோடு நின்றாள்.

“எங்கட பெடியள் அறுபது பேருக்கு மேல, தம்பி. எல்லாரும் வீட்டில கிடக்கிறாங்கள். பட்டினிதான். ஆனால் கிடக்கிறாங்கள்.” தம்பு அவருடைய கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “மூண்டு தரம் அழிச்சீரே! அடியும் வாங்கினீரே! நான் விளங்காமல் ஏசிப்போட்டன்.”

பாக்கியரத்தினம் ராஜினாமாக் கடிதத்தை மெல்ல மடித்தார். பிறகு, விலை இறங்காது என்று தெரிந்துகொண்ட வியாபாரியின் முகம் அவருக்கு வந்தது.

“சில விசயங்களை, அண்ணை,” என்றார் தொண்டையைச் செருமி, “முன்கூட்டி வெளியில சொல்ல ஏலாது. நாலையும் யோசிச்சுத்தான் செய்ய வேண்டிக் கிடக்கு. ஒரு பொறுப்பில இருக்கிற மனிசன்...”

“தெரியும், தம்பி, தெரியும்,” என்று தம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, கும்பிட்டபடி போனார்.

பாக்கியரத்தினம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கால்வலி கூடக் குறைந்தாற்போல இருந்தது.

“கமலாதேவி, அந்தக் கடிதத்தில தூசியை இண்டைக்காவது ஒருக்காத் துடையும். ஆக்கள் வருவினம்.”

அவள் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். கை நன்றாகவே எட்டியது. சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி, அவர் மேசையில் முகம் குப்புற வைத்தாள்.

“மூண்டு தரமும் சோறு காயமுந்திச் சிவப்பை உரிச்சு வெறுசிலயும் நீலத்தை உரிச்சு நிறைஞ்சதிலயும் ஒட்டினது நான்தான், சேர்,” என்றாள். “போன வருசம் நீங்கள் ஒரு பிழையுமில்லாமல் அடிச்சுக் குடுத்த லிஸ்டில பதினேழாவது பேர் என்ர மகன்.”