மயில்சாமி ஊடுங்களா?

புதுச் சாமான் வந்தவுடன் பழையதைத் தூக்கி எறிகிற அவசரம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் அது என் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது.

சூலூர்ப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் தற்காலிக மெக்கானிக். இணைப்புக் கொடுக்கிற புது ஸ்விட்ச்போர்டு வந்திருந்தது. பழைய போர்டில் ஒவ்வொரு துளையின் கீழும் அது யார் வீட்டு இணைப்பு என்று மையால் எழுதியிருக்கும். ஒயர்களையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டு, பெயர்களை அப்புறம் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று பழையதை வெளியே வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. மை கரைந்து ஓடிவிட்டது. (கூடவே என் உத்தியோகமும்.) சாயங்காலம் கோயமுத்தூரிலிருந்து அதிகாரி வருகிறார். போர்டு சரியாக இருந்தால்தான் என் வேலை நிரந்தரம்.

ஒவ்வொரு இணைப்பாக மணியடித்தேன்.

"யாருங்க பேசறது?"

"நாந்தானுங்க."

"நான்னா யாருங்க?"

"அட, நாந்தானுங்க!"

பெண்கள் எடுத்தால் இன்னும் மோசம். "உங்க வீட்டுக்காரர் பேரு?" என்றதும் படாரென்று வைத்துவிட்டார்கள். கட்டியவன் பெயரை அந்தக் காலத்தில் எந்தப் பெண் சொன்னாள்? மத்தியானம்வரை தேறியது போலீஸ் ஸ்டேஷன் மட்டும்தான்.

முந்தின வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த உள்ளூர்ப் பெண், ஆபரேட்டர் சரோஜா, பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளுங்க" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மணி, கடலைமண்டி மயில்சாமி ஊடுங்களா?"

மயில்சாமி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்பது ஊருக்கே தெரியும்.

"அய்யோ, அந்த ஊடா? நாங்க அரிசி மில்லுங்க!"

அடுத்த துளை.

"என்னையப் போயி என்ன கேட்டுப்போட்டீங்க! நான் ஜவுளிக்கடை ரங்கசாமிங்க!"

கேட்டால் பெயர் சொல்லாத ஊர், மயில்சாமி என்றதும் பதறியடித்துக்கொண்டு தன்னைச் சொன்னது. நான் வாயைப் பிளந்தபடி எழுதிக்கொண்டே போனேன். என்ன மூளை அது! இன்றுவரை நான் அப்படியொன்றைப் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு துளை மிஞ்சியது. பாக்கி மயில்சாமி ஒருவர்தான். வாசலில் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று சரோஜா கேட்டாள்.

"மயில்சாமி ஊடுங்களா?"

"அவுங்க நாங்க இல்லீங்க!"

ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது, சாட்சாத் மயில்சாமியின் குரல். கோயில் நன்கொடை கேட்கிறார்கள் என்று பயந்துவிட்டார்போல. சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பெயரையும் எழுதினேன்.

அதிகாரி என் முதுகில் தட்டினார். சரோஜா தன் வேலை என்று காட்டிக்கொள்ளாமல் அடுத்த அழைப்பை எடுத்தாள். வேலை நிரந்தரமாயிற்று, அடுத்த தை மாதம் சரோஜாவும்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், "போர்டக் காப்பாத்துன மூளைக்காரர் நீங்கதானுங்களா?" என்று கேட்டால், நான் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் எனக்காக முந்திக்கொள்வார்கள்: "அவுங்க நாங்க இல்லீங்க!"