வில்லிக்கும் ஒரு நகல்

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். சர்க்குலர் மாமாவைப் போல ஒரு பிடிவாதக்காரரை டில்லி முழுக்கத் தேடி யாராவது கொண்டுவரட்டும், என் கை வளையலைக் கழற்றித் தருகிறேன்.

கிட்வாய் நகரில் எங்கள் மாடிவீட்டுக்கு மேல்வீடு அவருடையது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். காலனிக்கே மாமா என்பதால் எனக்கும் மாமா. வாயால் எதையும் சொல்ல மாட்டார். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டுமா, எல்லா வீட்டுக்கும் சர்க்குலர். உப்புமாவில் உப்பு குறைந்ததா, மாமிக்குச் சர்க்குலர். அதற்கு ஒரு நகல் மாமியின் அம்மாவுக்கு.

போன கோடை விடுமுறையில் மனிதருக்குப் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. காலனிப் பிள்ளைகள் ஐந்து பேர் உளவாளிகள். கேமரா அவருடைய செல்போன். உளவாளித் தலைவி எதிர்வீட்டு மீனு, பத்து வயது. வைரம் கடத்தும் வில்லி நான்.

"நான் எதுக்கு மாமா?"

"இந்தப் பசங்க பயப்படறது உங்க ஒருத்தருக்குத்தான், அக்கா."

பெருமையாகத்தான் இருந்தது.

அவர் படத்தில் திருடனைத் துரத்துகிறவர்கள் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

"அதுக்குள்ள சோர் ஓடிடுவான் மாமா!" என்பாள் மீனு, பாதி இந்தியில்.

"ஓடட்டும். முதல்ல கையெழுத்து."

என்னைப் பிடிக்கிற காட்சி மட்டும் பாக்கி இருந்தபோது, மீனுவின் அப்பாவுக்கு குவாஹாட்டிக்கு மாற்றல் வந்தது. ஞாயிறு சாயங்காலம் ரயில். படம் அந்தரத்தில் நிற்கப் போகிறதே என்று மீனு அழுதாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கறோம்" என்றார் மாமா. என்னிடம், "அக்கா, நடிப்பு வேண்டாம். நிஜமாவே தப்பிச்சு ஓடுங்க" என்றார். சரி என்றேன். விட்டுக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை என் கதவிடுக்கில் ஒரு தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'பரம ரகசியம். பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி வில்லியை வளைக்கவும். நகல்: சம்பந்தப்பட்ட அனைவருக்கும்.'

நான் பார்க் வழியாகச் சுற்றிப் போய்ப் பால் வாங்கி வந்தேன். உளவாளிகள் வெயிலில் வெந்தார்கள். இப்படி மொத்தம் மூன்று தாள் வந்தது. மூன்று தடவையும் தப்பித்தேன்.

ஞாயிறு மத்தியானம் நாலாவது தாளை மாமா எழுதும்போது மீனு எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அய்யோ மாமா! பாட்டிக்கும் காப்பி அனுப்பறீங்களா?"

"அவங்களும் சம்பந்தப்பட்டவங்கதானே? அனுப்பாம எப்படி?"

"ஒரே ஒரு தடவை அனுப்பாதீங்க. ப்ளீஸ்!"

மாமாவின் முகம் வெளுத்ததாம். இத்தனை வருஷ சர்வீசில் அவர் யாருக்கும் நகலை நிறுத்தியதில்லை.

கதவிடுக்கில் தாள் இல்லை என்ற தைரியத்தில் நாலு மணிக்குப் படி இறங்கினேன். படிக்கு அடியிலிருந்து ஐந்தும் பாய்ந்தன. மீனு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பிடிச்சாச்சு பாட்டி!" வாசலில் ஸ்டேஷன் போகிற ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் பிடியை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

ஆட்டோ போன பிறகு மாமா ஒரு தாளோடு வந்து நின்றார்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும் அக்கா. உங்க நகல்."

"அதான் பிடிச்சுட்டாங்களே, இது எதுக்கு இப்ப?"

"உங்களுக்குத் தெரியாம ஒரு வேலை பண்ணிட்டேன். மனசு கேக்கல." அவர் கண் கலங்கியிருந்தது.

ஏ திவ்யா, நான் சொல்லச் சொல்ல எழுதின பேத்தியே, இங்கே வா. உன் டில்லித் தமிழ் தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை, இதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டு. அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைவாக விழுந்திருக்கக் கூடாது.