பானெட்டைத் திறக்காத குழு

ஓர் எஞ்சினின் கோளாறைக் கண்டறிய உலகில் இரண்டே வழிகள்தான். ஒன்று, பானெட்டைத் திறந்து பார்ப்பது; கையில் கறை படியும். மற்றது, குழு அமைத்துப் பேசுவது. கையில் டீ இருக்கும். நாகரிகம் முற்றிய சமூகங்கள் எல்லாம் இரண்டாவது வழிக்கு வந்துவிட்டன. அந்த வழியில் எங்கள் குடிநீர்ப் பரிசோதனை அலுவலகம் எட்டிப் பிடித்த உயரத்தை இதுவரை யாரும் பாராட்டி எழுதவில்லை. எனவே நானே எழுதுகிறேன்.

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது இயந்திரவியல். வேலையில் சேர்ந்த அன்று தலைமை அதிகாரி என் சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கலா? ரொம்ப நல்லதாப் போச்சு. இனிமே புரொஜெக்டரை நீயே பாத்துக்கோம்மா" என்றார். அன்றிலிருந்து அலுவலகத்தின் எல்லாக் கூட்டங்களிலும் நான் இருக்கிறேன். சுவரோரமாக, ஒயரைப் பிடித்தபடி.

அலுவலகத்துக்கு ஒரு வேன் உண்டு. பெட்ரோல் வண்டி, என்னைவிட மூத்தது. ஊரெல்லாம் சுற்றித் தண்ணீர் மாதிரிகளைப் பாட்டிலில் பிடித்து வருவது அதன் பணி. ஓட்டுபவர் டிரைவர் அக்கா, தற்காலிக ஊழியர். அவர் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு தலைமை அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரம் பார்த்துத்தான் வேன் உதற ஆரம்பித்தது. வேகமாகப் போகும்போது ஒன்றும் இல்லை. சிக்னலில் நின்றால் போதும், குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். பின்னால் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சண்டை போடும். சில சமயம் எஞ்சின் மூச்சுவிட மறந்து அப்படியே அணைந்துவிடும்.

அக்கா நேராக மேலாளரிடம் போனார்.

"சார், வண்டி நிக்கிறப்ப உதறுது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"மெக்கானிக்கைக் கூப்பிடணும்னா கோளாறு என்னன்னு தெரியணும்."

"கோளாறு என்னன்னு தெரிஞ்சா மெக்கானிக் எதுக்கு சார்?"

மேலாளர் இதை 'விஷயம் முற்றிவிட்டது' என்பதன் அறிகுறியாக எடுத்துக்கொண்டார். உடனே குழு அமைந்தது. தலைமை அதிகாரி தலைவர். மேலாளர் செயலர். கணக்காளர் 'வாகன வல்லுநர்'. அவருடைய சித்தப்பா ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தார்.

முதல் கூட்டத்தில், 'அதிர்வு: ஒரு பன்முகப் பார்வை' என்ற தலைப்பைச் சுவரில் விழச் செய்தேன். கீழே ஒரு வேன் படம். எங்கள் வேன் அல்ல. அதைவிட அழகான வேறொன்று.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றார் கணக்காளர்.

தலைமை அதிகாரியின் முகம் மலர்ந்தது. "தண்ணிதானே நம்ம தொழிலே. லேப்ல குடுத்துப் பாத்துடலாமே."

"அது முடியாதுங்கய்யா" என்றார் மேலாளர். "தண்ணில பெட்ரோல் இருந்தா நம்மகிட்ட டெஸ்ட் இருக்கு. பெட்ரோல்ல தண்ணி இருந்தா நம்ம வரம்புக்குள்ள வராது."

எவ்வளவு துல்லியமான எல்லை உணர்வு. நான் சுவரோரத்திலிருந்து வாயைத் திறந்தேன்.

"சார், ஓடும்போது சரியா இருந்து, நிக்கும்போது மட்டும் உதறுதுன்னா எங்கேயோ ஏர் எடுக்குதுன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணி, பானெட்டைத் திறந்து, காதைக் குடுத்தாலே தெரிஞ்சிடும்."

"ஏம்மா" என்றார் தலைமை அதிகாரி கனிவாக, "படம் கொஞ்சம் மங்கலாத் தெரியுது பாரு."

அடுத்த நாள் 'கள ஆய்வு'. இங்கே எங்கள் அலுவலகத்தின் உயர்ந்த மரபு ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலதிகாரி வரும்போது ஓடிக்கொண்டிருக்கும் எதுவானாலும் நின்றுவிட வேண்டும். அரட்டை, கைப்பேசிப் பாட்டு, எஞ்சின் எல்லாமே. குழு படியிறங்குவதைப் பார்த்ததும் அக்கா மரபுப்படி வேனை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

தலைமை அதிகாரி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கணக்காளர் டயரை ஓர் உதை விட்டு, "கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"உதறலையே" என்றார் தலைமை அதிகாரி.

"ஆஃப்ல இருக்கு சார்" என்றார் அக்கா. "ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"ஐயா நிக்கிறப்பவா?" மேலாளர் பதறிப்போனார்.

அப்போதுதான் கணக்காளருக்கு அந்தப் பொறி தட்டியது. "ஐயா, ஒண்ணு கவனிச்சீங்களா? இந்தம்மா உள்ள இருந்தா வண்டி உதறுது. வெளிய நின்னா உதறலை."

அறிவியல் இப்படித்தான் பிறக்கிறது.

"அப்ப எஞ்சின் இல்ல" என்றார் தலைமை அதிகாரி மெதுவாக. "கால். பொம்பளைங்க கால்ல கொஞ்சம் பதட்டம் இருக்கும். ஆக்ஸிலேட்டர்ல அது தெரியும்."

"சிக்னல்ல நிக்கிறவ ஆக்ஸிலேட்டர்ல எதுக்கு சார் காலை வைக்கப் போறா?" என்றார் அக்கா.

"பாத்தியா, எப்படிப் பதட்டப்படுறாங்க" என்றார் தலைமை அதிகாரி மேலாளரிடம்.

குழு சாப்பிடப் போனது. அக்கா பானெட்டைத் திறந்து கம்பியை முட்டுக்கொடுத்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா. படிச்ச படிப்புக்கு ஒரு நாளாவது கை அழுக்காகட்டும்."

ஸ்டார்ட் செய்தார். வேன் உதறியது. உதறலுக்கு நடுவே மெல்லிய 'உஸ்ஸ்'. சத்தத்தின் பின்னாலேயே கையை விட்டுக்கொண்டு போனால், கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் டியூப், வயதாகி வெடித்திருந்தது. எஞ்சினுக்கு அளந்து கொடுக்க வேண்டிய காற்று, அந்த வெடிப்பு வழியே அளவில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். எஞ்சின் சாதுவானது. விரலை எடுத்தேன். உதறியது.

"இன்னொரு தடவை மூடு" என்றார் அக்கா. மூடினேன். அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தத் துண்டு டியூபுக்கா என் காலைக் குத்தம் சொன்னானுங்க? ஃபைல் மேசைல இருக்கு தெரியுமில்ல. எல்லா ஸ்கூல் ஃபாரத்துலயும் 'அம்மா வேலை'ங்கற எடத்துல தற்காலிகம்னு எழுதிக்கிட்டிருக்கான் என் பையன்."

லேபில் வாக்குவம் பம்புக்கு மாட்டும் தடித்த டியூப் இருக்கிறது. ஒரு துண்டு வெட்டி வந்து மாட்டினேன். அக்கா கிரீஸ் கையோடு குழாயடிக்குப் போனார். கை கழுவி முடிப்பதற்குள் ஆணை வந்துவிட்டது: அவர் இனிமேல் பாட்டில் கழுவும் பிரிவில். வேன் சாவி ஸ்டோர்க்காரரிடம்.

ஸ்டோர்க்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வேன் வெண்ணெய் போல ஓடியது. மாடி ஜன்னலில் குழு கைதட்டியது.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க" என்றார் ஸ்டோர்க்காரர் அடக்கத்தோடு. "சும்மா உக்காந்தேன், அவ்வளவுதான்."

நான் வெடித்த டியூபை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, தலைமை அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"இதுதான் சார் கோளாறு. வண்டியிலேர்ந்து கழட்டினேன்."

"வண்டிதான் நல்லா ஓடுதே. நல்லா ஓடுற வண்டியிலேர்ந்து ஏம்மா கழட்டினே?"

"கழட்டினதாலதான் சார் நல்லா ஓடுது. வேணும்னா பழசையே மாட்டுறேன். ஸ்டோர்க்காரர் ஓட்டட்டும். அவர்கிட்டயும் உதறும்."

"புது டிரைவர்கிட்ட உதறினா" என்றார் மேலாளர், "அதுக்குப் பேரு சதி."

வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஸ்டோர்க்காரரை இறக்கிவிட்டு டிரைவர் இருக்கையில் அக்கா. பானெட் திறந்திருந்தது. நான் இறங்கி ஓடினேன். பின்னாலேயே குழுவும் வந்தது.

"ஐயா வர்றார். ஆஃப் பண்ணும்மா" என்றார் மேலாளர்.

"பண்ண மாட்டேன் சார். ஐயா கேக்கட்டும்." அக்கா என்னைப் பார்த்தார். "எடு."

புது டியூபை உருவினேன். வேன் உதறியது. ஓட்டையை விரலால் மூடினேன். அடங்கியது. எடுத்தேன், உதறியது. அக்கா இரண்டு கால்களையும் தூக்கி இருக்கைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்போதும் உதறியது. மூடினேன், அடங்கியது. தலைமை அதிகாரி குனிந்தார். என் விரலைப் பார்த்தார். காதைக் கிட்டே கொண்டுவந்தார். நிமிர்ந்து உள்ளே போனார். நான் புது டியூபைத் திரும்ப மாட்டினேன்.

"கேட்டுட்டாரு" என்றார் அக்கா. "மூஞ்சியைப் பாத்தியா? கேட்டுட்டாரு."

மாலையில் குழுவின் நிறைவுக் கூட்டம். படம் தெரிவதற்காக விளக்கை அணைத்திருந்தார்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஒருத்தி நிற்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று.

"டியூப்தான்யா" என்றார் தலைமை அதிகாரி.

"ஆமாங்கய்யா. எனக்கு முதல்லயே தோணுச்சு" என்றார் மேலாளர்.

"எனக்கும்தான்" என்றார் கணக்காளர். "சித்தப்பா லாரில இதே கதைதான்."

"அப்ப அந்தம்மா ஃபைல்?"

"இப்பக் கையெழுத்துப் போட்டா நாம சொன்னது தப்புன்னு ஆபீஸே சிரிக்குங்கய்யா. அதுவும் உங்க முன்னாடியே அந்தம்மா எஞ்சினை ஓட விட்டுச்சு" என்றார் மேலாளர்.

"வண்டி ஓடுதில்ல?"

"டியூப் மாத்தியாச்சே. ஜோரா ஓடுது."

"அப்ப 'கோளாறு டிரைவர் கால்ல'ங்கற அறிக்கை இருக்கறபடியே இருக்கட்டும்." கோப்பில் 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுதும் பேனாவின் சத்தம் இருட்டில் தெளிவாகக் கேட்டது.

நான் விளக்கைப் போட்டேன். மூவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"ஏம்மா" என்றார் தலைமை அதிகாரி, "கூட்டம் இன்னும் முடியலையே."

அக்கா இப்போது பாட்டில் கழுவுகிறார். தற்காலிகமாக. வேனில் உதறல் இல்லை. வேற்று அலுவலகங்கள் எங்கள் குழுவின் வழிமுறையை எழுதிக் கேட்கின்றன. கேட்பவர்களுக்கு இந்தப் பாராட்டுரையைத்தான் அனுப்பப் போகிறேன். அனுப்புமுன் ஒரே ஒரு திருத்தம் செய்ய வேண்டும். கோளாறு என்னவென்று குழுவுக்குத் தெரியாது என்று நீங்கள் நம்பும்படி இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன்.

தெரியும்.