முறைப்படி நிறுத்தப்பட்ட கணினி

2001 ஒக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை. காலை முதல் தூறல். நண்பகலுக்குப் பின்னர் டிக்கோயாப் பக்கம் முழுவதையும் மூடுபனி மறைத்தது.

அக்குளிரிலும் பெரிய கிளாக்கர் பழனியாண்டி, தேயிலைத் தோட்டக் காரியாலயத்து லினக்ஸ் கணினியின் முன் வியர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு மின்வெட்டு என்று தோட்ட மேலாளரான தொரை சொல்லியிருந்தார். அதற்குள் கணினியை முறைப்படி நிறுத்தாமல் அதன் வட்டு பழுதடையுமாயின் வேலையும் இல்லை, குடியிருக்கும் குவாட்டர்ஸும் இல்லை என்று அறிவித்துவிட்டே தொரை ஹட்டனுக்குச் சென்றிருந்தார்.

கைநூலில் reboot, halt என இரண்டு கட்டளைகள் விளக்கமின்றிக் காணப்பட்டன. முதலில் அச்சிடப்படுவதே மேலானது என்பது பழனியாண்டியின் கொள்கை. எனவே முதலாவதைத் தட்டினார். திரை இருண்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரை மீண்டும் ஒளிர்ந்தது.

"என்னாங்கய்யா, செத்தது எந்திரிக்குது?" என்றாள் காரியாலயம் கூட்டும் வேலாயி.

"நான் ஒழுங்காத்தான் அடிச்சேன்."

அதே கட்டளையை, ஒவ்வோர் எழுத்தாக உரக்க வாசித்து, மறுபடியும் தட்டினார். கணினி மறுபடியும் எழுந்தது.

"ஒங்க மேல அதுக்குப் பாசங்கய்யா. விட்டுட்டுப் போக மாட்டேங்குது."

"நீ வாளியத் தூக்கிக்கிட்டு வெளிய போ."

மேலும் சில முறை முயன்றபோது, கணினி தன் வட்டைத் தானே பரிசோதிக்கத் தொடங்கியது. பரிசோதனையின் நடுவே மின்சாரம் தடைப்பட்டால் வட்டு அழியும் எனக் கைநூல் தடித்த எழுத்தில் எச்சரித்தது. பழனியாண்டி வராந்தாவுக்கு ஓடினார். அங்கே ஃபியூஸ் பெட்டியின் அருகில், தோட்டத்து எலக்ட்ரீசியன் வீரய்யா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"வீரய்யா, ஃபெக்டரி ஜெனரேட்டர்ல இருந்து இங்க ஒரு லைன் இழுப்பா."

"அதுக்கு ஜெனரேட்டர்ல ஓடுற தேயிலை ட்ரையர நிப்பாட்டணுங்க. கொழுந்தெல்லாம் வீணாப் போயிரும்."

"போனாப் போவுது. என் பொழப்பு போவுதேப்பா."

"தொரை சொல்லாம எப்புடிங்க?"

பழனியாண்டி தொலைபேசியை எடுத்து, "தொரையோட உத்தரவு, ட்ரையர நிப்பாட்டுங்க" என்று ஃபெக்டரிக்குக் கட்டளையிட்டார். ட்ரையர் நின்றது. அரைத்த கொழுந்து முழுவதும் புளிக்கத் தொடங்கியது.

ஆனால் வீரய்யா ஜெனரேட்டர் லைனை இழுக்கத் தொடங்குமுன்னரே பரிசோதனை நிறைவுற்றது. பழனியாண்டி தம் கொள்கையைக் கைவிட்டு, நிறுத்துவதற்கான இரண்டாவது கட்டளையைத் தட்டினார். இனி மின்னை நிறுத்தலாம் என்னும் ஆங்கில வரி திரையில் தோன்றி நிலைத்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

"பாத்தியா வீரய்யா. புத்தகத்தில உள்ளபடியே நிப்பாட்டிட்டேன். இனி என் வேலையில எவனும் கை வைக்க ஏலாது."

வீரய்யா எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார்.

"இன்னைக்குக் கரண்டு வெட்டே இல்லீங்கய்யா. தொரை தன் மச்சானுக்கு ஒங்க வேலையக் குடுக்க ஒரு காரணம் வேணும்னு, அவருதான் ஒண்ணரைக்கு ஃபியூஸப் பிடுங்கச் சொன்னாரு. எனக்கு மனசு வரல, பிடுங்காம சும்மா நின்னேன். நீங்களே ட்ரையர நிப்பாட்டிக் காரணத்தக் குடுத்துட்டீங்க."

அப்பொழுது நேரம் பிற்பகல் ஒன்று ஐம்பத்தேழு.