பிணத்துக்கு வசனம் இல்லை

பிணம் மூன்றாவது முறையாக இருமியது.

“கட்!” என்று கத்திய கிருஷ்ணகுமார், தலையில் கைவைத்தபடி லயத்து வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிணமாகப் படுத்திருந்தவர் அவனைப் பெற்ற பழனியாண்டி. அம்மா இறந்தபோது கொள்ளி வைக்கக்கூடக் கட்டாரிலிருந்து வராத ஒரே மகனோடு அவர் பேசி ஏழு வருடமாகிறது. இப்போது நிவித்திகலத் தோட்டத்துக்குத் திரும்பிவந்தவன், தாமதமாக வீடு திரும்பும் ஒரு மகனைப் பற்றிப் படம் எடுக்கிறான். அப்பா நடிப்பாரா என்று தங்கை நிரோஷாவை விட்டுக் கேட்டான்.

“எனக்கு வசனம் இருக்கான்னு கேளு” என்று அவள் மூலமே பதில் வந்தது. இல்லை என்றதும் குளித்து, வேட்டி மாற்றி, தானே வந்து படுத்துக்கொண்டார்.

மகனுக்குத்தான் வசனம். “என்னைய மன்னிச்சிருங்கப்பா.” அதை நேரில் சொல்லத் துப்பில்லாமல்தான் ஐந்து மாதம் உட்கார்ந்து கதை எழுதினான். வெட்கக்கேடு, அது அவனுக்கே தெரியும். சொல்லி முடிக்கும்போதெல்லாம் பிணம் இருமியது.

“மச்சான், நாளைக்கு எஹலியகொடயில ஒரு கல்யாணத்துக்கு இந்தக் கேமரா வேணும். பெட்டரியும் கொஞ்சந்தான் ஈக்கி” என்றான் படம்பிடிக்க வந்த றிப்தி.

“நிரோஷா, அப்பாவுக்கு இஞ்சி தட்டிப் போட்டு ப்ளேன்டீ குடு.”

குடித்தார். அடுத்த தடவை இருமலோடு ஏப்பமும் வந்தது.

தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினார்கள். இருமல் மூக்கு வழியாக வந்தது.

“தப்பு மேளம் அடிக்கச் சொல்லுவோம். அந்தச் சத்தத்துல இருமல் கேக்காது” என்றான் கிருஷ்ணகுமார்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறில்லை. இழவுத் தப்பு கேட்டால் தோட்டம் சும்மா இருக்குமா? இறப்பர் பால் வாளிகளைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு மலையே இறங்கி வந்தது. யாரோ வெள்ளைக்கொடி கட்டினார்கள். தோட்டத்து ஆசாரி நாடாவோடு வந்து பெட்டிக்கு அளவும் எடுத்துவிட்டார். பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பாயி அத்தை தலைமாட்டில் விழுந்து புரண்டாள்.

“மவன்கிட்ட ஒரு வார்த்த பேசாமலே போயிட்டியே அண்ணே!”

பிணம் இருமியது. அத்தை மயங்கிச் சாய்ந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பி, விஷயத்தைச் சொன்னார்கள். “ஷூட்டிங்கா? அப்ப சரி, நாங்களும் இருந்து அழுவுறோம்” என்று ஊரே உட்கார்ந்துகொண்டது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. “இதான் கடைசி மச்சான்” என்றான் றிப்தி.

கிருஷ்ணகுமார் தகப்பனின் காலைப் பிடித்தான். எழுதிவைத்ததெல்லாம் மறந்துபோய் நிஜமாகவே அழுகை வந்தது.

“அம்மா மொகத்தக்கூடப் பாக்காத பாவி நானு. என்னைய மன்னிச்சிருங்கப்பா!”

இருமல். கேமராவின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

“செத்த மாதிரி படுக்கக்கூட எனக்காக முடியாதா ஒங்களுக்கு?” அவன் காலை விட்டு எழுந்தான். “படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் பஸ் ஏறுறேன்.”

பழனியாண்டி கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் ஆட்டிக் கருப்பாயி அத்தையைக் கூப்பிட்டார். அவள் தாடைத் துணியை அவிழ்த்து, அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“தம்பி, ஒங்கப்பாவுக்கு இருமலே இல்லையாம். இருமினாத்தான் நீ அத மறுபடி சொல்லுவியாம். இப்பத்தான் கேமரா செத்துப்போச்சே, சும்மாவே இன்னொருக்காச் சொல்லட்டுங்கிறாரு.”